பாலாறு திரும்பி வந்த காலை

விடிந்தும் விடியாத நேரம். பள்ளிக்கூட முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தாமல் ஏரிக்குக் கரை கட்டிக்கொண்டிருக்கிறேன். கட்டுவது கோலமாவில். எனக்கு இந்தப் பக்கம் ஒருத்தி ரயில் பாதை போடுகிறாள். அந்தப் பக்கம் ஒருத்தி பாலாற்றை இழுத்துக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து வருகிறாள்.

"ஏய், ஒதுங்குடி! ஆறு வர்றது!" என்று அவள் கத்த, ரயில்காரி பாவாடையைத் தூக்கிக்கொண்டு குதித்து ஒதுங்குகிறாள்.

அந்தக் காலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. வகுப்பில் பாடம் நடத்தும்போது வந்தால்தான் சங்கடம். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இப்போது சிரிக்கிறேனே தவிர, அன்றைக்குச் சிரிக்கிற நிலையில் நான் இல்லை. எங்கள் பெண்கள் பள்ளியில் அப்போது ஏழாம் வகுப்பு வரைதான். எட்டு வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டிருந்தார். பார்த்து முடிவு சொல்ல இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் சென்னையிலிருந்து வரவிருந்த நாள் அது. அவர் சரி என்றால் எட்டாம் வகுப்பு திறக்கும். இல்லை என்றால் ஏழோடு நான் வீட்டுக்குப் போய், பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

திறந்தாலும் என் அப்பா, எங்கள் நைனா, அனுப்புவாரா? அது இன்னொரு கதவு. கேட்டபோதெல்லாம் அவர் பிடிகொடுக்கவில்லை. "மொதல்ல தொறக்கட்டும்மா. தொறந்தப்புறம் பார்த்துக்கலாம்" என்பார், தறியைவிட்டுக் கண்ணை எடுக்காமலே.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இதை இந்தத் தொடரில் நான் அடிக்கடி சொல்வதாக ஒரு வாசகர் குறைபட்டு எழுதியிருக்கிறார். இன்னும் சொல்வேன். அவர் வீட்டில் எத்தனை தலைமுறை படித்ததோ தெரியாது. எங்கள் வீட்டில் நான்தான் தலைமுறை.

டீச்சர் கொண்டுவந்த தாள்

எல்லாம் ஒரு பழைய தாளால் வந்தது.

எங்கள் தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர். வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடையோடுதான் வருவார். விரித்து யாரும் பார்த்ததில்லை. அவருடைய தம்பி சென்னையில் சர்வே ஆபீசில் வேலை பார்த்தார். அங்கே தேய்ந்துபோய் ஒதுக்கிவிட்ட ஒரு மேப்பை அக்காவுக்குக் கொடுத்திருந்தார். துணியில் ஒட்டிய பெரிய தாள். மடித்து மடித்து மடிப்பெல்லாம் வெளுத்திருந்தது. பிரித்தால் பழைய டிரங்குப் பெட்டி வாசனை வரும்.

அதுவரை நாங்கள் பார்த்திருந்த ஒரே மேப் சுவரில் தொங்கிய உலகப் படம். அதில் இந்தியாவே என் உள்ளங்கையளவுதான். காஞ்சிபுரத்தைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல், "இவங்களுக்கு நம்ம ஊரு தெரியாது போலிருக்குது" என்று விட்டுவிட்டோம்.

இந்தத் தாளிலோ எங்கள் ஊரைத் தவிர வேறு எதுவுமில்லை! ஊர், ஊரைச் சுற்றிய கிராமங்கள், குளம், தோப்பு, மாட்டுவண்டி போகிற தடம் வரைக்கும். மேற்கே தாமல் ஏரி, நீலத்தில், கவிழ்த்துப் போட்ட முறம்போல. தெற்கே பாலாறு. பொடி ஆங்கில எழுத்தில் ஏதோ எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி, மூச்சுப் பிடித்துப் படித்து முடித்தபோது, பிள்ளையார்பாளையம் என்று வந்தது.

நான் குடியிருக்கிற இடத்தை அச்சுப் போட்டிருக்கிறார்கள்! அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும்.

"அம்மா! நம்ம பாளையத்த மேப்புல போட்டிருக்காங்கமா!"

"நம்ம வூடு இருக்குதா?"

"வூடு இல்ல. தெரு இருக்குது."

"தெருவ போட்ட மனுசனுக்கு வூட்ட போட கை வலிக்குதாமா?" என்று கேட்டுவிட்டு அம்மா சோற்றைப் போட்டாள்.

வகுப்பில் அந்தத் தாளைச் சுற்றி எப்போதும் கிடந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தி நான், காமாட்சி. இன்னொருத்தி வைதேகி. சின்னக் காஞ்சிபுரத்துக்காரி. அவள் அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிப்பவர். மூன்றாவது தனபாக்கியம். தாமலில் பயிர் வைக்கும் வீட்டுப் பெண். படிப்புக்காக டவுனில் அத்தை வீட்டில் இருந்தாள். குரல் மட்டும் தாமலிலேயே இருந்து பேசுவதுபோல அவ்வளவு சத்தம்.

முதல் சண்டை திருப்பருத்திக்குன்றத்தைப் பற்றி வந்தது.

"குன்றம்னு பேர் இருக்கு. மலையைக் காணுமேடி?" என்றாள் வைதேகி.

"அங்க ஏதுடி மலை? ஜைனர் கோயிலுக்கு நான் போயிருக்கேன். தட்டையாத்தான் இருக்குது" என்றாள் தனபாக்கியம்.

"பேர் வெச்சவா பொய் சொல்வாளா?"

"பேரு வெச்சவங்க உன்னாட்டம் மேப்ப பார்க்காம வெச்சிருப்பாங்க."

இரண்டு பேரும் டீச்சரிடம் போனார்கள். டீச்சர் தாளைக் காட்டினார். குன்று இருக்கும் இடத்தில் பழுப்பு நிறத்தில் மெல்லிய வளையங்கள் இருக்குமாம். தாளின் மூலையில் ஒரு குன்றுக்கு அப்படி இருந்தது. திருப்பருத்திக்குன்றத்தில் ஒன்றுகூட இல்லை. வைதேகி அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பழுப்புக் கோடுகள்தான் எங்களுக்குப் பிடிபடவில்லை. ரோடு தெரியும், ஆறு தெரியும். இது ரோடும் இல்லை, வாய்க்காலும் இல்லை. வயலுக்குக் குறுக்கே, ஊருக்குள்ளே, யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. "ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களை எல்லாம் சேர்த்துப் போட்ட கோடு" என்று டீச்சர் சொன்னார். நாங்கள் பலமாகத் தலையாட்டினோம். பள்ளிக்கூடத்தில் முதலில் கற்றுக்கொள்வது அதுதானே.

ஏரிக்குள் வளையல்

மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. தனபாக்கியத்தின் அப்பா இரண்டு மாட்டுவண்டி அனுப்பிவைத்தார். மேப்போடு தாமல் ஏரியைப் பார்க்கக் கிளம்பினோம்.

தாள் டீச்சர் மடியில். வழி சொல்லும் வேலை எனக்கு. வண்டிக்காரர் அந்த வழியில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கே நான் வழி சொன்னேன் என்பதை இப்போது நினைத்தாலும் என் துணிச்சலை மெச்சிக்கொள்ளத் தோன்றுகிறது.

"இப்போ ஒரு சின்னப் பாலம் வரும்" என்பேன். வரும்.

"சோத்தாங்கைப் பக்கத்துல ஒரு குளம் வரும்." அதுவும் வந்தது.

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா பாப்பா, காகிதத்துல ஜோசியம் பார்க்கிறியா?"

"ஜோசியம் இல்லீங்க, மேப்பு."

"எதுவோ ஒண்ணு. என் மூத்த பொண்ணுக்கு எப்போ கல்யாணம்னு அதுல பார்த்துச் சொல்லு."

எஸ்தர் டீச்சர் குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்கும் விரிக்கவில்லை.

ஏரிக்கரைமேல் ஏறி நின்றபோது காற்று தாவணியைப் பிடுங்கியது. தை மாதத்தில் கரையைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர், நெல்லுக்குப் பாய்ந்து பாய்ந்து உள்ளே இறங்கியிருந்தது. இறங்கின இறக்கத்தில், நின்று நின்று போன இடத்திலெல்லாம், சேற்றில் தடம் விட்டிருந்தது. நத்தை ஓடு, வைக்கோல், காய்ந்த நுரை, வாத்து இறகு எல்லாம் ஒரே வரிசையில். ஒரு தடத்துக்குக் கீழே இன்னொரு தடம். ஏரி கை நிறைய வளையல் போட்டுக்கொண்ட மாதிரி.

"இந்த வரியிலயே நடந்து வரியா? மேலயும் ஏறக்கூடாது, கீழயும் எறங்கக்கூடாது" என்று தனபாக்கியம் பந்தயம் கட்டினாள்.

நடந்தேன். தடம் பள்ளத்துக்குள் வளைந்து போய் வெளியே வந்தது. கொஞ்ச தூரத்தில் ஏரிக்குள்ளேயே ஒரு மேடு. அதன்மேல் ஒரே ஒரு கருவேல மரம். அந்த மேட்டைச் சுற்றியும் அதே மாதிரி தடம். அதன்மேல் ஓடத் தொடங்கினேன். வழுக்கியது. விழவில்லை. மரத்தைச் சுற்றி ஓடி, மூச்சிரைக்க நின்று பார்த்தால், முன்னால் என் காலடிகளே இருக்கின்றன. கிளம்பின இடத்துக்கே வந்துவிட்டேன்.

ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வந்து சேராமல் வேறெங்கே போக முடியும்?

"டீச்சர்!" என்று நான் போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. "பழுப்புக் கோடு இதுதான் டீச்சர்! தண்ணி நின்ன கோடு!"

எஸ்தர் டீச்சர் கரைமேல் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் இருந்த கவளம் அப்படியே நின்றது. பிறகு எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தச் சேற்றுக்குள்ளே என்னிடம் நடந்து வந்தார். புளிச்சோற்றுக் கையாலேயே என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். தாவணியில் அந்தக் கறையைத் துவைக்கவிடாமல் அம்மாவோடு இரண்டு நாள் சண்டை போட்டேன்.

ஒரு சதுரத்துக்கு ஒரு முழம்

பங்குனியில் இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிற செய்தி வந்தது. டீச்சருக்கு அந்த மேப்பைத்தான் காட்ட ஆசை. ஆனால் தாளோ சின்னது. பள்ளிக்கூடமே சேர்ந்து நின்றால் முன்வரிசைக்குத்தான் தெரியும். பெரிதாக எழுதி மாட்ட அவ்வளவு பெரிய காகிதத்துக்கு எங்கே போவது?

"கோலமா போட்டுடலாம் டீச்சர்" என்றேன்.

அது என் யோசனை. இதையும் நான் அடிக்கடி சொல்வேன்.

மேப்பின்மேல் பென்சிலால் கட்டம் போட்டோம். கட்டத்தின் ஒவ்வொரு மூலைக்கும் முற்றத்தில் ஒரு புள்ளி. தாளில் ஒரு சதுரம், தரையில் ஒரு முழம். பின்னக் கணக்கில் அழுது வடிகிற பெண்கள்கூடக் கோலும் இல்லாமல் நூலும் இல்லாமல் நேர்வரிசையில் புள்ளி வைத்துக்கொண்டே போனதைப் பார்த்து டீச்சர் வாய் பிளந்தார். எங்களுக்கு அது ஒரு வேலையா? நடக்கத் தெரிந்த நாளிலிருந்து செய்வதுதானே.

வெள்ளைக்குக் கோலமாவு. ரோட்டுக்குச் செம்மண். பழுப்புக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது வைதேகி மறுநாள் மடியில் எதையோ கட்டிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டுக் காப்பித்தூள், டப்பாவோடு. அவள் அப்பா அன்று காலையில் சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுப் பிரபந்தம் சேவிக்கப் போனாராம். எங்கள் குன்று கமகமவென்று மணத்தது.

நீலத்துக்கு நான் எங்கள் தெருச் சாயக்கார மாமாவிடம் போனேன்.

"மாமா, கொஞ்சம் நீலச் சாயத்தூள் வேணும்."

"எந்தப் பொடவைக்குமா?"

"பொடவைக்கு இல்ல மாமா, ஏரிக்கு."

"ஏரிக்கா!" சாயம் துழாவும் கழியை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். "படிக்கிற பொண்ணு கேக்குற. எடுத்துக்கினு போ. ஆனா பார்த்து. காய்ஞ்சிருக்கச்சொல்ல ஒண்ணும் தெரியாது. தண்ணி பட்டா பிடிச்சுக்கும். அப்புறம் ஆண்டவனே வந்து தேய்ச்சாலும் போவாது."

ரயில் எங்கே போகிறது?

முதல் நாள் சாயங்காலம் புள்ளி வைத்து முடித்தோம். கோடுகளைக் காலையில் போடுவதாக ஏற்பாடு. ஆளுக்குச் சில சதுரம். ஒவ்வொருத்தி கையிலும் அவள் பங்கை வரைந்த துண்டுக் காகிதம். எனக்குத் தாமல் ஏரியும் மூலைக் குன்றும். என் வேலையை முடித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். முழுக் கோலத்தையும் அப்போதுதான் பார்த்தேன்.

அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஒரு கோட்டில் பிசிறு கிடையாது. ஆனால் பார்க்கப் பார்க்க எனக்குத் தலை சுற்றியது.

எங்கள் ஊரில் கோலக் கோட்டை நடுவில் தொங்கவிட்டுவிட்டு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். தொடங்கின புள்ளிக்குக் கை தானாகவே திரும்பி வந்துவிடும். அப்படித்தான் எல்லோரும் போட்டிருந்தார்கள். துண்டுக் காகிதத்தில் கோடு ஓரத்தில் முடிந்தது. கைகள் முடிக்கவில்லை. கிழக்கே முற்றத்தின் ஓரம் வரை போன பாலாறு, அங்கே ஒரு வளைவு வளைந்து, வடக்கே ஏறி, ஊரை வலம் வந்து, மேற்கே தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டிருந்தது. ஊரை ஒட்டி ஓடும் வேகவதி ஆறு முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்றது. பெங்களூர் ரோடு எங்கும் போகாமல் திரும்பி வந்தது.

"அடியே, உன் ரயிலு எங்கடி போவுது?" என்று ரயில்காரியைக் கேட்டேன்.

"செங்கல்பட்டுக்கு."

"நல்லா பாரு. பாதி வழியில திரும்பிக் காஞ்சிபுரத்துக்கே வருது."

அவள் பார்த்தாள். "வரத்தான வேணும்? ஊருக்குப் போனவங்க வூட்டுக்கு வர வேணாமா?"

"வைதேகி, பாலாறு கடலுக்குப் போகணும்டி!"

"அப்படியே விட்டா எங்காத்துல அம்மா கோலம்னே ஒத்துக்க மாட்டா. வாய் பிளந்துண்டு நிக்கற கோலம் வாசல்ல கூடாதும்பா."

"இது வாசல் இல்லடி! மேப்பு!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாவுக் கையை வாயில் வைத்துக்கொண்டாள். மீசை முளைத்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அழித்துப் போட நேரம் இருக்கிறதா என்று நான் வாசலைப் பார்க்க, வாசலில் ஜட்கா மணி.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

தண்ணீரில் நின்ற அம்மாள்

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் நல்ல உயரம். மூக்குக் கண்ணாடி. காலில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ. கூரை ஓட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, எஸ்தர் டீச்சர் "அம்மா, கீழே..." என்று சொல்லி முடிப்பதற்குள், நேராக நடந்து வந்து தாமல் ஏரியின் நடுவில் நின்றார்.

யாருக்கும் மூச்சு வரவில்லை. தனபாக்கியத்துக்கு மட்டும் வந்தது.

"அம்மா! அம்மா! தண்ணியில நிக்கிறீங்கமா! ஆழம்மா அது!"

அவர் ஒரே தாவில் கரைமேல் ஏறிவிட்டார். அப்படித் தாவுவார் என்று நாங்களும் நினைக்கவில்லை, அவரும் நினைத்திருக்க மாட்டார். நிதானத்துக்கு வந்து கீழே பார்த்தார். கோலத்துக்காகத் தெளித்திருந்த தண்ணீரின் ஈரத்தில் சாயம் எழும்பிவிட்டிருந்தது. வெள்ளை ஷூ இரண்டும் மயில் கழுத்து நீலம். தாமலிலிருந்து காஞ்சிபுரம் வரும் ரோட்டில் இரண்டு நீலக் காலடி.

சாயக்கார மாமா சொன்னது என் காதில் கேட்டது.

"இது என்ன ஏரி?" என்றார் அம்மாள்.

"எங்க ஊரு ஏரிமா. தாமல்" என்றாள் தனபாக்கியம், இவர் நனைந்ததில் அவளுக்கு ஏதோ பெருமை.

அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தார். இந்த முறை ஓரமாக. பாலாற்றருகே நின்றார்.

"பாலாறு எங்கே போய்ச் சேருகிறது?"

"கடல்ல!" என்று பள்ளிக்கூடமே கத்தியது.

"இங்கே அது போனபடியே திரும்பி வருகிறதே. இது ஆறா, அரைஞாண் கயிறா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்மாள் சிரிக்கவில்லை. டீச்சரைப் பார்த்தார்.

"பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேப் என்றால் என்ன என்று இந்தப் பெண்களுக்குத் தெரிந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கோலம் போட எட்டாம் வகுப்பு எதற்கு?"

டீச்சர் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எட்டாம் வகுப்பின் கதவு சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் எப்படி முன்னால் வந்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

"தப்புமா. கைப்பழக்கத்துல மூடிட்டோம். இத தொறக்கணும்" என்று, குதிகாலால் பாலாற்றின் திரும்பி வந்த பாதியை அழித்தேன்.

அவ்வளவுதான். மற்றவர்களுக்கும் வேகம் வந்துவிட்டது. ரயில்காரி பாவாடை ஓரத்தால் ரயிலைத் துடைத்தாள். தனபாக்கியம் வேகவதியின் முடிச்சைக் கையால் அவிழ்த்தாள். முற்றம் முழுக்க மாவுப் புகை. ஒருத்தி தும்ம, பத்துப் பேர் தும்மினார்கள். அந்தக் கூத்தில் வைதேகி மூலைக் குன்றருகே போய், காப்பித்தூள் வளையத்தின்மேல் காலைத் தூக்கினாள்.

"வைதேகி! அத தொடாத!"

தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"ஏன்? அதுவும் மூடின கோடுதானே? ஆற்றைத் திறந்தாய், இதைத் திறக்கக் கூடாதா?"

"கூடாதுமா. அது மூடித்தான் இருக்கணும்."

"ஏன்?"

எனக்குப் புத்தகப் பாஷையே மறந்துபோயிற்று. "ஆறு போற கோடுமா. இது நிக்கிற கோடு. இந்தக் குன்றைச் சுத்தித் தண்ணி நின்னா இந்த வரியிலதான் நிக்கும். இன்னும் ஏறினா அதுக்கு மேல இருக்கிற வரியில நிக்கும். ஏறாம எறங்காம அதும்மேலயே சுத்திக்கினு வந்தா, கெளம்பின எடத்துக்கே வந்துடுவோம். நான் வந்திருக்கேன்மா. ஏரியில."

அம்மாள் நடந்து போய் இன்னொரு பழுப்புக் கோட்டைக் காட்டினார். அது ஊருக்குக் குறுக்கே ஓடி, முற்றத்தின் ஓரத்தில் போய் முடிந்திருந்தது. அதை மட்டும் யாரும் மூடவில்லை. காப்பித்தூள் தீர்ந்துவிட்டது, அதுதான் காரணம்.

"அப்படியானால் இது? மூடவே இல்லையே. இது தப்பா?"

நான் அந்தக் கோட்டையே பார்த்தேன். கோடு ஓரத்துக்குப் போனது. ஓரத்துக்கு அப்பால் சுவர். சுவருக்கு அப்பால் தெரு. தெருவுக்கு அப்பால் என்ன, ஊர்தானே?

"தப்பு இல்லமா. இதுவும் மூடும். ஆனா இந்தத் தாள்ல இல்ல. வேற தாள்ல போய் மூடும்."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் கவனித்தேன், தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"மிஸ் எஸ்தர், வகுப்பைத் திறக்கலாம்" என்றார். "ஆனால் காலி பெஞ்சுக்கு வகுப்பு நடத்த முடியாது. யார் யார் சேருவார்கள்? பெண்களைக் கேட்கவில்லை. இவர்களைப் பெற்றவர்கள் வாயால் எனக்குச் சொல்லவேண்டும்."

வாசலில் நைனா

பெற்றவர் ஒருவர் ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் பாவு போடுகிற நாள். தறியில் ஏற்றப்போகும் பட்டு இழையைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் நீவி முடிக்க வேண்டும். வீட்டில் இருக்கிற கையெல்லாம் வேண்டும். என் கை இரண்டும் விடியுமுன்பே பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டன. கூட்டிப் போக வந்திருந்தார் நைனா. முழங்கை வரை கஞ்சி.

"காமு! அங்க பாவ போட்டுட்டு எல்லாரும்..." என்று ஆரம்பித்தவர் அம்மாளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்தார்.

"எங்க நைனாமா" என்றேன்.

"உள்ளே வாருங்கள்" என்றார் அம்மாள்.

நைனா வரவில்லை. ஓரத்திலேயே நின்று, தறியிலிருந்து அறுத்த புதுப் புடவையைப் பார்ப்பதுபோல, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

"இன்னாது இது?"

"நம்ம ஊரு நைனா. மேல பறக்கிற பருந்து பார்த்தா இப்படித்தான் தெரியும்."

"நம்ம தெரு எங்க?"

காட்டினேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "கோயிலு?" காட்டினேன். "ரயிலடி?" காட்டினேன். "அப்போ வேகவதி இப்படியா போவுது? நான் இத்தினி நாளும் வேற மாதிரி நினைச்சிக்கினு இருந்தேன்." கஞ்சி காய்ந்த விரலைத் தரையில் படாமல் நீட்டி, ரோட்டோடு போனார், ஏரிக்குப் போனார், திரும்பி வந்து பாலாற்றைப் பிடித்தார். ஆற்றோடு கிழக்கே கிழக்கே நகர்ந்து, நான் அழித்த இடத்துக்கு வந்து நின்றார்.

"இதுக்கு அப்பால?"

"தாளு அவ்ளோதான் நைனா. ஆறு முடியல, தாளு முடிஞ்சிடுச்சு."

"மீதி?"

"அடுத்த தாள்ல இருக்குது."

"அதுல இன்னா இருக்குது?"

எனக்கென்ன தெரியும்? அடுத்த தாளை நானும் பார்த்ததில்லை, டீச்சரும் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்புப் பாடத்தில் அப்படி ஒரு சங்கதியே கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நாக்கு என்னைக் கேட்கவில்லை.

"அது எட்டாவதுலதான் நைனா சொல்லித் தருவாங்க."

எஸ்தர் டீச்சருக்கு இருமல் வந்துவிட்டது.

நைனா நிமிர்ந்து அம்மாளைப் பார்த்தார். பட்டு வாங்கும்போது வியாபாரி முகத்தைப் பார்க்கிற பார்வை. "மெய்தானாமா?"

அம்மாள் என்னைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். தன் நீல ஷூவையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அவர் இல்லை என்று தலையசைத்திருந்தால் இந்தத் தொடரை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

"மெய்தான்" என்றார். "எட்டாவதில்தான். அந்தத் தாளை நானே அனுப்பிவைக்கிறேன்."

நைனா எழுந்தார். கஞ்சிக் கையை வேட்டியில் துடைத்தார்.

"அப்போ எழுதிக்குங்கமா. காமாட்சி. எட்டாவது."

நான் குதித்த குதியில் சின்னக் காஞ்சிபுரத்தில் பாதி கலைந்துபோயிற்று. வைதேகி மீசையோடு வந்து கட்டிக்கொண்டாள். "எங்கப்பாவ நான் இட்டாறேன்! இப்பவே இட்டாறேன்!" என்று தனபாக்கியம் தாமலை நோக்கி ஓடவே ஆரம்பித்துவிட்டாள். டீச்சர் அவளைப் பின்னலைப் பிடித்து நிறுத்தினார்.

நைனாவுக்கு அப்போதுதான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஓடிவா, ஓடிவா! பாவு மட்டும் காய்ஞ்சி போயிருந்துச்சு, எட்டாவதும் கெடையாது, ஒம்பதாவதும் கெடையாது!"

ஒன்பதாவது என்ற பேச்சை எடுத்தது அவர்தான். நான் எடுக்கவில்லை. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன்.